தமிழ்ச் சங்கச் செயலாளர் அறிக்கை: ஏப்ரல் 2007 முதல் மார்ச் 2008 வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். "வந்திருக்கும்" என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டிருக்கிறேன்.

இந்த அறிக்கை இரண்டு வாரம் முன்பே உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். துணைச் செயலாளர் பதவி ஆகஸ்டிலிருந்து காலி. தட்டச்சு, பிரதி எடுப்பது, உறையில் போடுவது எல்லாம் ஒரே ஆள். அந்த ஆளுக்கு வேலையும் குடும்பமும் உண்டு. தாமதத்திற்கு வருந்துகிறேன்.

சித்திரைத் திருநாள் சிறப்பாக நடந்தது. ஜூலை சுற்றுலாவில் மழை. தீபாவளி விழாவில் சாப்பாடு பற்றாக்குறை என்று புகார் வந்தது. வருகிறோம் என்று முன்கூட்டியே சொன்னவர்கள் 70 பேர், வந்தவர்கள் 118 பேர், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பொங்கல் விழா நன்றாக நடந்தது, கரும்பு மட்டும் கிடைக்கவில்லை. பிள்ளைகளின் தமிழ் வகுப்பு தொடர்கிறது; பெற்றோர் காரை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் உள்ளே வந்தால் ஆசிரியைக்கு உதவியாக இருக்கும்.

அடுத்ததாக, இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்ட விஷயம். வாக்குப்பதிவு இயந்திரம் பற்றி நான் ஏற்பாடு செய்த கூட்டமும், அதையொட்டி எழுந்த கேள்விகளும். செயற்குழுக் கூட்டக் குறிப்பில் இரண்டே வரியில் முடித்திருக்கிறார்கள். உறுப்பினர்களுக்கு முழு விவரம் தெரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட ரான் பாலுக்கு நான் ஆதரவாளன் என்பது எல்லோருக்கும் தெரியும். என் கார் கண்ணாடியிலேயே ஒட்டியிருக்கிறது, ரெவலூஷன் என்ற சொல்லுக்குள் நான்கு எழுத்தைத் திருப்பிப் போட்டு லவ் என்று படிக்க வைத்த அந்த ஸ்டிக்கர். டெக்சாஸ்காரர், மகப்பேறு மருத்துவர், நாலாயிரத்துக்கும் மேல் பிரசவம் பார்த்தவர். 1988-லேயே லிபர்டேரியன் கட்சி சார்பில் அதிபர் தேர்தலில் நின்று தோற்றவர். இந்த முறை குடியரசுக் கட்சி மேடையில் நின்ற வேட்பாளர்களில் 2002-ல் ஈராக் போர்த் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவர்தான். கட்சிக்குள் இருந்துகொண்டே கட்சிக்கு வெளியாள். ஜனவரி 6-ஆம் தேதி நம் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நடந்த ஃபாக்ஸ் தொலைக்காட்சி விவாதத்துக்கு அவரை அழைக்கவே இல்லை. மாநிலக் குடியரசுக் கட்சியே அதைக் கண்டித்து நிகழ்ச்சியிலிருந்து விலகிக்கொண்டது. நம் மூத்த உறுப்பினர் மாமி ஒருவர், "டாக்டர்தானே, அத்தனை பிரசவம் பார்த்திருக்கார்னா பொறுமைசாலியாத்தான் இருப்பார்" என்றார். அமெரிக்க மைய வங்கியான பெடரல் ரிசர்வ் பற்றி நான் அரை மணி நேரம் விளக்கியதைவிட அந்த ஒரு வரி நன்றாக வேலை செய்தது.

எனக்குக் குடியுரிமை கிடைத்து இதுதான் முதல் தேர்தல். 17 வருடம் இந்த நாட்டில் வரி கட்டிவிட்டு முதல் முறையாக வாக்குச் சீட்டைக் கையில் வாங்குகிறவனுக்குக் கொஞ்சம் வேகம் இருக்கத்தான் செய்யும். நவம்பர் 5-ஆம் தேதி ரான் பாலுக்கு நன்கொடையாக ஒரே நாளில் நாற்பது லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. டிசம்பர் 16, பாஸ்டன் தேநீர்க் கலகம் நடந்த அதே தேதியில், சுமார் அறுபது லட்சம். கட்சித் தலைமையகத்தில் யாரும் திட்டம் போட்டதில்லை, பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள் ஐம்பதும் நூறுமாகப் போட்டது. அன்று பனிப்புயல். நான் பாஸ்டன் போயிருந்தேன். அன்றைக்குத்தான் பொங்கல் விழா நாடக ஒத்திகை என்பதையும், செயலாளர் வரவில்லை என்பதையும் சிலர் பல முறை சுட்டிக்காட்டிவிட்டார்கள். அந்தப் பனியில் ஒத்திகைக்கு வந்ததே நான்கு பிள்ளைகள் என்று அறிகிறேன். இருந்தாலும் தவறு தவறுதான், ஒப்புக்கொள்கிறேன்.

சரி, சங்கம் எங்கே வந்தது? பொருளாளர் அவர்கள் முதலிலேயே எச்சரித்தார்: "தம்பி, நீங்க யாருக்கு வேணும்னாலும் கொடி பிடிங்க, சங்கத்தை அதுல இழுக்காதீங்க." நியாயம். வரிவிலக்குப் பெற்ற சங்கம் எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகவோ எதிராகவோ வேலை செய்யக் கூடாது. எச்-1பி வேலை விசாவில் இருக்கும் தம்பிகளிடம் நானே சொன்னேன்: சம்பளம் வாங்காமல் தொண்டு செய்யலாம், ஆனால் ஒரு டாலர்கூட நன்கொடை தரக் கூடாது, கிரீன் கார்டு வந்த பிறகு தாருங்கள் என்று. சட்டம் எனக்கும் தெரியும். அதனால்தான் கூட்டத்துக்கு "நம் வாக்கு எப்படி எண்ணப்படுகிறது" என்று பொதுவாகத் தலைப்பு வைத்தேன்.

டிசம்பர் முதல் வாரம், நூலக அறை, இலவசம். 62 குடும்பத்துக்கும் அழைப்பு போனது. வந்தவர்கள் 11 பேர், அதில் மூன்று பேர் தமிழ் வகுப்பு முடியக் காத்திருந்தவர்கள்.

வராதவர்களுக்காக அன்று சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தில் வாக்கு தாளில்தான். முட்டை வடிவக் கட்டத்தைக் கறுப்பாக்கித் தருகிறோம். சிற்றூர்களில் அதைக் கையால் எண்ணுகிறார்கள். நாஷுவா மாதிரிப் பெரிய ஊர்களில் டைபோல்ட் நிறுவனத்தின் அக்யூவோட் இயந்திரம் தாளை விழுங்கிப் படித்துக் கணக்குச் சொல்கிறது. மாநிலத்தின் வாக்குகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இப்படித்தான். அந்த இயந்திரத்துக்குள் வாக்குக் கணக்கைப் பதிந்து வைக்கும் ஒரு நினைவட்டை (மெமரி கார்டு) இருக்கிறது. 2005-ல் புளோரிடாவின் லியோன் கவுன்டியில், தேர்தல் அதிகாரியின் அனுமதியுடனேயே, ஹாரி ஹர்ஸ்டி என்ற பின்லாந்துக்காரர் அட்டையை மட்டும் மாற்றியமைத்து ஒரு சோதனை செய்தார். எட்டுப் பேர் வாக்களித்தார்கள். இரண்டு "ஆம்", ஆறு "இல்லை". இயந்திரம் ஏழு "ஆம்", ஒரு "இல்லை" என்றது. அடுத்த வருடம் பிரின்ஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் அதே நிறுவனத்தின் தொடுதிரை இயந்திரத்தை ஒரு நிமிடத்தில் கெடுத்துக் காட்டினார்கள். அதன் பூட்டைத் திறக்கும் சாவி, ஓட்டல் அறைக் குளிர்பெட்டிக்குப் போடும் சாவி வகைதான்.

இதைச் சொன்னதும் ஓர் உறுப்பினர், "2001 சட்டமன்றத் தேர்தல்லயே தமிழ்நாடு முழுக்க இயந்திரம் வந்தாச்சு, ஒரு குறையும் இல்ல, நீங்க ஏன் பயமுறுத்தறீங்க?" என்றார். நான் கேட்டதெல்லாம் இதுதான்: அங்கே இயந்திரம் சொன்னது சரியா என்று திரும்ப எண்ணிப் பார்க்கத் தாள் இருக்கிறதா? இங்கே இருக்கிறது. இருப்பதை எண்ணிப் பார்ப்பதில் என்ன பயமுறுத்தல்? அவர் டீ குடிக்கப் போய்விட்டார். இந்த வருடச் சந்தாவையும் அவர் இன்னும் தரவில்லை என்பது வேறு விஷயம்.

ஜனவரி 8, கட்சிகள் தங்கள் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதற்கான முதற்கட்ட வாக்குப்பதிவு. ரான் பாலுக்குச் சுமார் 18 ஆயிரம் வாக்கு, எட்டு சதவீதத்தை ஒட்டி, ஐந்தாம் இடம். அடுத்த வாரம் பொங்கல் விழாவில் நுழைந்ததும் நண்பர் ஒருவர், "என்ன செயலாளரே, பால் பொங்கிச்சா?" என்று கேட்டார். எட்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் சட்டன் என்ற சிற்றூரில் ரான் பாலுக்கு வாக்கே இல்லை, பூஜ்யம் என்று அறிவித்தார்கள். அங்கே வாக்களித்தவர்கள் கேள்வி கேட்டதும், 31 வாக்கு விடுபட்டுவிட்டது என்று திருத்தினார்கள். எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை. இரண்டு மணிக்குச் சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் "பார்த்தீர்களா?" என்று மின்னஞ்சல் அனுப்பினேன். சங்கத்தின் முகவரிப் பட்டியலைப் பயன்படுத்தியது சரியில்லை என்று பொருளாளர் சொன்னார். அதற்கு வருந்துகிறேன். அதைவிட வருத்தம், அந்த 31 வாக்கை விழுங்கியது இயந்திரம் இல்லை. எண்ணிய தாளிலிருந்து முடிவுத் தாளில் எழுதும்போது மனிதக் கை விட்டுவிட்டது. இதைச் சொல்லித் திருத்த மின்னஞ்சலும் அனுப்பினேன். முதல் மின்னஞ்சலைப் படித்த யாரும் இரண்டாவதைப் படித்ததாகத் தெரியவில்லை.

ஜனநாயகக் கட்சிப் பக்கமும் புகைந்தது. கருத்துக்கணிப்பெல்லாம் ஒபாமா என்றது, ஜெயித்தது ஹிலாரி. கையால் எண்ணிய ஊர்களில் ஒபாமா முந்தினார், இயந்திரம் எண்ணிய ஊர்களில் ஹிலாரி முந்தினார் என்று பட்டியல்கள் சுற்றின. நானும் அதை ஓரிருவருக்கு அனுப்பினேன். என் மகன் பார்த்துவிட்டு, "அப்பா, கையால எண்றது சின்ன ஊர், மெஷின் பெரிய ஊர். ரெண்டு ஊர்க்காரங்களும் ஒரே மாதிரியா ஓட்டுப் போடுவாங்க?" என்றான். பதினோராம் வகுப்பு படிக்கிறான். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டென்னிஸ் குசினிச்சும், ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற குடியரசுக் கட்சி வேட்பாளரும் பணம் கட்டி மறுஎண்ணிக்கை கேட்டார்கள். மாநிலத் தலைநகர் கான்கார்டில் ஜனவரி நடுவில் தொடங்கியது. பொதுமக்கள் பார்க்கலாம். நம் உறுப்பினர்களில் 14 பேர் வருகிறேன் என்று பெயர் கொடுத்தார்கள். கார் ஏற்பாடு, நேரம், எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டேன். வந்தது இரண்டு பேர். ஒருவர் நான். இன்னொருவர் மாமியின் மாப்பிள்ளை, அவருக்கு அன்று விடுமுறை. மற்ற பன்னிரண்டு பேரில் ஒருவருக்குப் பல்வலி, ஒருவர் ஊரிலிருந்து வந்த மாமனாரை அழைத்துவர விமான நிலையம் போனார். பத்துப் பேரிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை.

அங்கே மேசைக்கு இருவர் மூவராக உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாக எடுத்துக் காட்டி, பெயர் பெயராக அடுக்கி வைத்தார்கள். ஒரு நாள் முழுக்க நின்றேன். கால் வலித்தது. பிரமாதமாக ஒன்றும் நடக்கவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக எண்கள் மாறின, முடிவு மாறவில்லை. நான் போட்டிருந்த சந்தேகப் பட்டியலில் பாதி அந்த ஒரு நாளிலேயே கரைந்தது. மீதிப் பாதியை விடவில்லை. நினைவட்டை நினைவட்டைதான். ஆனால் ஒன்று எனக்குத் தெளிவானது: எண்ணுகிறவர் தப்பு செய்தால் எதிரில் நிற்கிறவர் சொல்வார். சட்டனில் அந்த 31 வாக்கு வெளியே வந்ததே, தங்கள் வாக்கு எங்கே என்று யாரோ கேட்டதால்தான். கேட்க ஆள் இல்லாத ஊரில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

இனி அந்த ஆறு டாலர் விவகாரம். நூலகக் கூட்டத்துக்காக 60 பிரதி எடுத்தேன், பக்கத்துக்குப் பத்து காசு. சங்கக் கணக்கில் எழுதினேன். அந்தத் தாளின் கீழ் மூலையில் ரான் பால் பெயர் சின்ன எழுத்தில் இருந்தது. வேறு தாளின் பின்புறத்தில் அச்சடித்ததால் வந்த கோளாறு, வேண்டுமென்று செய்ததில்லை. இருந்தும் செயற்குழுவில் நாற்பது நிமிடம் இது பேசப்பட்டது. பிப்ரவரி கூட்டத்திலேயே ஆறு டாலரையும் என் பையிலிருந்து கட்டிவிட்டேன். ரசீது இத்துடன் இணைத்திருக்கிறேன். இதே கூட்டத்தில் சந்தா பாக்கி பற்றிப் பேச எட்டு நிமிடம்தான் கிடைத்தது.

அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுச் சந்தா 40 டாலர். பதிவில் இருப்பவை 62 குடும்பங்கள், செலுத்தியவை 37. மீதி 25 பேரையும் விழாச் சாப்பாட்டு வரிசையில் நான் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்லப்போவதில்லை. பட்டியல் வாசல் மேசையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

கணக்கு பொதுவாகத் திருப்தி. வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. அரங்க வாடகை கூடியிருக்கிறது, அரிசி விலை கூடியிருக்கிறது. விவரம் வேண்டுவோர் பொருளாளர் அவர்களிடம் கேட்டுப் பெறலாம்.

தலைவர் அவர்களுக்கும், கருத்து வேறுபாடு இருந்தும் கணக்கைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட பொருளாளர் அவர்களுக்கும், தமிழ் வகுப்பு ஆசிரியைகளுக்கும், சமையல் குழுவுக்கும், ஒலிபெருக்கி தந்து உதவியவருக்கும் நன்றி. கான்கார்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குத் தனி நன்றி.

அடுத்த ஆண்டு நான் செயலாளராகத் தொடர்வதா என்று வீட்டில் கேட்கிறார்கள். பதவியில் எனக்கு ஆசை இல்லை. ஆனால் இன்று காலை வரை வேறு யாரும் பெயர் கொடுக்கவில்லை. நவம்பரில் பொதுத் தேர்தல் வருகிறது. அப்போதும் நூலகத்தில் ஒரு கூட்டம் போடலாம், எந்த வேட்பாளர் பெயரும் இல்லாமல், தாளின் பின்புறம் வெற்றாக இருக்கும்படி. பத்துப் பேர் நிச்சயமாக வருவோம் என்று சொன்னால் அறை பிடிக்கிறேன். துணைச் செயலாளர் ஒருவரும் கிடைத்தால் இந்த அறிக்கை அடுத்த வருடம் நேரத்துக்கு வரும், இவ்வளவு நீளமாகவும் இருக்காது.

நிர்வாகிகள் தேர்தல் இன்று சாப்பாட்டுக்குப் பிறகு. கை தூக்குவது கிடையாது, சீட்டு எழுதித்தான். பெட்டி என் காரில் இருக்கிறது. எண்ணுவதற்கு மூன்று பேர் வேண்டும், வேட்பாளராக நிற்காதவர்கள். எண்ணும்போது பக்கத்தில் நின்று பார்க்க எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம். சாப்பிட்டதும் காரைக் கிளப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
செயலாளர்