தடை செய்யப்பட்டதா, திரும்பப் பெறப்பட்டதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பிதழில் பண்டிகைக் காலத் திகில் படங்கள் குறித்து வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். 1984-இல் வெளிவந்த 'சைலண்ட் நைட், டெட்லி நைட்' என்னும், கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்ட கொலைகாரனைப் பற்றிய குறைந்த செலவுப் படத்தை அமெரிக்க அரசே தடை செய்தது என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அதை முன்னுதாரணமாகக் காட்டி, இத்தகைய படங்களுக்கு இங்கும் சான்றிதழே வழங்கக் கூடாது என்றும் கேட்டிருக்கிறார். தகவல் தவறு என்பதாலும், அந்தத் தவறான தகவலின் மேல் எழுப்பப்பட்ட கோரிக்கை நம்மை வேறு திசையில் இழுத்துச் செல்லும் என்பதாலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நம் நாட்டில் உள்ளதைப் போல் அரசு அமைத்த சான்றிதழ் வாரியம் அமெரிக்காவில் கிடையாது. திரைத்துறையினர் தாமே ஏற்படுத்திக்கொண்ட அமைப்பு ஒன்று வயதுத் தரம் வழங்குகிறது. இப்படத்துக்கு, பதினேழு வயதுக்குட்பட்டோர் பெற்றோர் அல்லது காப்பாளர் துணையோடுதான் பார்க்கலாம் என்னும் 'ஆர்' தரம் கிடைத்தது. ஏறத்தாழ ஏழரை லட்சம் டாலர் செலவில், யூட்டா மாநிலத்தில் எடுக்கப்பட்ட இப்படம் 1984 நவம்பர் 9 அன்று சுமார் 400 அரங்குகளில் வெளியானது. அதே நாளில் இதைவிடக் குறைவான அரங்குகளில் வெளியாகிப் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' படத்தை, முதல் வார இறுதி வசூலில் இது முந்தியும் இருந்தது. ஆயினும் பெற்றோர் திரையரங்குகளின் முன் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்ததால், வெளியீட்டாளரான ட்ரைஸ்டார் நிறுவனம் முதலில் விளம்பரங்களை நிறுத்தியது. பிறகு படத்தையே அரங்குகளிலிருந்து எடுத்துவிட்டது. அடுத்த ஆண்டே வேறொரு சிறு நிறுவனம் அதை மீண்டும் திரையிட்டது. அரசு தடை செய்த படத்துக்கு இது நடந்திருக்க வாய்ப்பில்லை.

பெற்றோர் கொதித்தெழுந்ததன் காரணத்தைக் கட்டுரை தொடவே இல்லை என்பதுதான் என் முக்கியக் குறை. கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் ஒருவன் கொலை செய்வது அன்றைய அமெரிக்கத் திரைக்குப் புதிதல்ல. 1980-ஆம் ஆண்டிலேயே 'கிறிஸ்துமஸ் ஈவில்', 'டு ஆல் எ குட்நைட்' என்ற இரண்டு படங்கள் ஏறத்தாழ இதே கருவோடு வந்தன. அவற்றுக்காக யாரும் தெருவில் இறங்கவில்லை. 1978-இல், அமெரிக்கர்கள் பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் நாளில் நடக்கும் கொலைகளைக் காட்டிய ஜான் கார்பெண்டரின் 'ஹாலோவீன்' படம் சொற்பச் செலவில் எடுக்கப்பட்டுக் கோடிக்கணக்கில் ஈட்டிய பிறகு, தயாரிப்பாளர்கள் நாட்காட்டியைப் புரட்டி, காதலர் தினம், புத்தாண்டு, அன்னையர் தினம் என்று அகப்பட்ட நாளுக்கெல்லாம் ஒரு கொலைகாரனை நியமித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த வரிசையில் இந்த ஒரு படம் மட்டும் இத்தனை எதிர்ப்பைச் சந்தித்ததற்கு அதன் விளம்பரமே காரணம். கோடரி ஏந்திய கிறிஸ்துமஸ் தாத்தாவைக் காட்டும் முன்னோட்டத் துணுக்குகள், சிறுவர்கள் தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தில் ஒளிபரப்பாயின. சுவரொட்டியில் புகைபோக்கிக்குள் இறங்கும் சிவப்புச் சட்டைக் கையும் அது பிடித்திருக்கும் கோடரியும் மட்டும் இருந்தன. பெரியவர் துணையின்றி அரங்கினுள் நுழைய முடியாத ஐந்து வயதுக் குழந்தைக்கு, படத்தின் மிகக் கொடிய காட்சி வீட்டுக் கூடத்திலேயே இலவசமாகக் கிடைத்துவிட்டது.

எதிர்த்தவர்கள் எல்லோரும் படத்துக்கும் அதன் விளம்பரத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டை உணர்ந்திருந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஜீன் சிஸ்கெல் என்ற புகழ்பெற்ற விமர்சகர் தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் படத்தை உருவாக்கியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, வெட்கப்பட வேண்டும் என்று கடிந்துகொண்டார். மூத்த நடிகர் மிக்கி ரூனி கண்டனக் கடிதம் எழுதினார். அவரே 1991-இல் இப்படவரிசையின் ஐந்தாம் பாகத்தில் பொம்மை செய்யும் முதியவராக நடித்தார் என்பதைக் கட்டுரையாளர் குறிப்பிட்டிருந்தால் வாசகர்கள் சற்றே சிரித்திருப்பார்கள்.

படத்தைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும். கட்டுரையாளர் அதை வெறும் இரத்தக்களரி என்று ஒரே வரியில் ஒதுக்குகிறார். பின்பாதியைப் பொறுத்தவரை நானும் அவர் கட்சிதான். கொலைக்குப் பின் கொலை என்று அது சலிப்பூட்டுகிறது. ஆனால் முன்பாதி அப்படிப்பட்டதல்ல. மனநலக் காப்பகத்தில் யாரிடமும் பேசாமல் கற்சிலைபோல் அமர்ந்திருக்கும் தாத்தா, பெற்றோர் அறையை விட்டு நீங்கியதும் சட்டென்று பேரன் பக்கம் திரும்பி, குறும்பு செய்த பிள்ளைகளைக் கிறிஸ்துமஸ் தாத்தா தண்டிப்பார் என்று மிரட்டுகிறார். அன்றிரவே கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் வந்த கொள்ளையன் சிறுவனின் கண்ணெதிரே பெற்றோரைக் கொல்கிறான். பிறகு அந்தச் சிறுவன் வளரும் அநாதை இல்லத்தில் தலைமைக் கன்னியாஸ்திரீ, தண்டனை நல்லது என்று பெல்ட்டால் அடித்தே போதிக்கிறார். பதினெட்டு வயதில் பொம்மைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவனுக்கு அதே சிவப்பு உடையை மாட்டிவிடுகிறார்கள். மடியில் நெளிந்து அழும் சிறுமியின் காதில், அடங்காவிட்டால் தண்டிப்பேன் என்று அவன் தாழ்ந்த குரலில் சொல்கிறான். குழந்தை பயத்தில் உறைந்துபோகிறது. சுற்றியுள்ளவர்களோ, பிள்ளைகளைச் சமாளிப்பதில் இவன் கெட்டிக்காரன் என்று மெச்சிக்கொள்கிறார்கள். சோறு ஊட்டும்போது பூச்சாண்டியைக் கூப்பிட்டே பழகிய நமக்கு அந்தக் காட்சி நன்றாகவே புரியும்.

பெரம்பூரில் டிசம்பர் மாதத்து இரவுகளில் கேரல் பாடி வரும் இளைஞர் குழுவோடு கிறிஸ்துமஸ் தாத்தாவும் ஆடிக்கொண்டு வருவார். பிளாஸ்டிக் முகமூடியில் கண்களுக்கு இரண்டு ஓட்டைகள், கழுத்தோரம் வியர்வையில் ஒட்டிக்கொண்ட பஞ்சுத் தாடி. மிட்டாய் நீட்டும் அந்தக் கையை நம்பாமல் அம்மாவின் முந்தானைக்குள் முகம் புதைக்கும் குழந்தைகள் எல்லாத் தெருவிலும் உண்டு. அவர்களுக்குப் படத்தைக் காட்ட வேண்டியதே இல்லை, அந்தச் சுவரொட்டி ஒன்றே போதும்.

ஆகவே, நாம் கேட்க வேண்டியது வேறு. இங்கு அரங்கில் திரையிடப்படும் படங்களை மத்திய திரைப்படச் சான்றிதழ் வாரியம் பார்த்து வகைப்படுத்துகிறது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ பிரிவே 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. வயது வந்தோர் பார்க்கும் படத்துக்கு 'ஏ' சான்றிதழ் இருக்கிறது. அதற்கு மேல் தடை தேவையில்லை. அதே 1984-இல் மணிவண்ணன் இயக்கிய 'நூறாவது நாள்' படத்தின் மொட்டைத்தலைச் சத்யராஜைப் பார்த்து மிரண்ட தலைமுறைதான் நானும். அதனால் யாதொரு கேடும் வந்துவிடவில்லை, விரும்பித்தானே சீட்டு வாங்கிச் சென்றோம்.

விளம்பரத்தின் நிலை அப்படியல்ல. பேருந்து நிறுத்தத்துச் சுவரில் இரத்தம் சொட்டும் அரிவாளை ஆளுயரத்துக்கு ஒட்டிவிட்டு, மூலையில் பொடி எழுத்தில் 'ஏ' என்று அச்சிட்டால் அது யாரைத் தடுக்கும்? என் பேத்தி கைப்பேசியில் நிலாப் பாட்டு பார்த்துக்கொண்டிருந்தபோது நடுவே ஒரு பேய்ப்பட முன்னோட்டம் பாய்ந்து வந்ததையும், அதைத் தாண்டிச் செல்லும் பொத்தான் தோன்றும்வரை அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்ததையும் அருகிலிருந்து பார்த்தேன். இணையத் திரைத் தளங்கள் 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி தங்கள் படங்களுக்குத் தாமே வயது வகை குறிக்கின்றன. அதே வயது வகை அவற்றின் முன்னோட்டத்துக்கும் பொருந்த வேண்டும்; சிறுவர் காணொளிகளுக்கு இடையே 'ஏ' வகைப் படங்களின் விளம்பரம் வரக் கூடாது; பள்ளிகளையும் பேருந்து நிறுத்தங்களையும் ஒட்டிய சுவர்களில் இத்தகைய சுவரொட்டிகளுக்கு மாநகராட்சி இடம் தரக் கூடாது. தங்கள் நாளிதழின் சினிமா விளம்பரப் பக்கத்துக்கும் இது பொருந்தும் என்பதை மரியாதையுடன் சுட்டிக்காட்டுகிறேன்.

அமெரிக்க அரசு தடை செய்ததாக வந்த தகவலுக்கு அடுத்த ஞாயிறு இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பெரம்பூர், சென்னை.