வீடுகள்ல கிடக்கிற சண்டைக்காலக் கடிதங்களையும் கேளுங்க

அன்பின் ஆசிரியருக்கு,

முதலாம் உலகப் போருக்குப் போன இந்தியச் சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதின கடிதங்களப் பத்தி உங்கட வாரப்பதிப்புல வந்த கட்டுரை மனச விட்டுப் போகுதில்ல. 1914ல பிரான்சுல போய் இறங்கின பொடியன்மார், கனபேருக்கு எழுதத் தெரியா, தெரிஞ்ச ஒராளப் பிடிச்சு சொல்லிச் சொல்லி எழுதுவிச்சிருக்காங்க, ஊர்லயும் யாரோதான் வாசிச்சுக் காட்டியிருப்பாங்க, மனிசிக்கு எண்டு ஒரு சொல்லுக்கூடத் தனியா சொல்லேலாது. நடுவுல சென்சார் வேற. அந்த மிளகுக் கதைய நீங்க ஒரு வரியில முடிச்சிட்டீங்க, அதுதான் பெரிய விசயம். கறுத்த மிளகு எண்டா இந்தியச் சிப்பாய், சிவத்த மிளகு எண்டா வெள்ளக்காரச் சிப்பாய், கறுத்த மிளகு முடிஞ்சுகொண்டு போகுது எண்டு எழுதினா நம்மட ஆக்கள் செத்துக்கொண்டு போறாங்க எண்டு வீட்டுக்கு விளங்கும். சென்சார்காரனுக்கும் விளங்கிட்டு. ஆனா அவங்க இங்கிலீசுல மாத்தி எழுதி வெச்ச துண்டுகளாலதான் இண்டைக்கு நமக்கு அதெல்லாம் தெரியுது.

நம்மட மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அப்பிடி எழுதி வெச்ச ஆக்களும் இல்ல. வன்னி ரோட்டப் பிடிக்க ஆமி தொடங்கின ஜெயசிக்குறு சண்டை நேரம், 1997, 98ல, இங்கயிருந்து புலிகள் இயக்கத்தோட வன்னிக்குப் போன புள்ளைகள் எழுதின கடிதம் கை மாறிக் கை மாறி மாசக்கணக்குல வந்து சேரும். என்ட பெரியம்மாட மகன் எழுதினதுல சண்டையப் பத்தி ஒண்டும் இருக்காது, எந்த இடம் எண்டும் இருக்காது, வயல் விதைச்சாச்சா, தங்கச்சி ஓஎல் சோதினை எழுதிட்டாளா, அம்மாட முழங்கால் நோவு எப்பிடி, நான் சுகம், நான் சுகம். பெரியம்மா முதல்ல எழுத்தத்தான் பார்ப்பா, கை நடுங்காம எழுதியிருக்கானா எண்டு. பிறகு ஆமி ஊரச் சுத்தி வளைச்சுத் தேடுற ரவுண்டப் நேரம் பயத்துல எல்லாத்தையும் அடுப்புல போட்டா. கன வீட்டுல இதுதான் நடந்தது. கரையோரத்துல மிஞ்சினத 2004 சுனாமி கொண்டு போயிட்டு, வாகரை, படுவான்கரைச் சனம் 2006, 2007 சண்டையில உடுத்த உடுப்போட ஓடினது, கடிதத்த யார் தூக்கிக்கொண்டு ஓடுற?

ஆமிக் காம்புக்குள்ள இருந்த சிங்களப் பொடியனும் குருநாகலிலயோ மொனராகலையிலயோ இருந்த அவன்ட அம்மாக்கு நான் சுகம் எண்டுதான் எழுதியிருப்பான். அந்தக் கடிதமும் வேணும் எண்டுதான் நான் கேக்கிறன்.

உங்கட பேப்பர்ல ஒரு அறிவித்தல் போடுங்க ஐயா. றங்குப்பெட்டிக்குள்ள, சாமிப்படத்துக்குப் பின்னால இன்னும் கிடக்கிறத போனால போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, செஞ்சிலுவைச் சங்கத்தால வந்த, ஒட்டாம திறந்தபடி வாற குடும்பச் செய்தித் தாளுகளையும் சேர்த்து. அசலக் கேக்காதீங்க, எந்தத் தாயும் தர மாட்டா. பேர், ஊர் எல்லாத்தையும் மறைச்சுப் போடுங்க, சனத்துக்கு இப்பவும் பயம் இருக்கு. ஸ்கேன் பண்ணி வெக்கிறதுக்கு, நம்மட பழைய புத்தகம், பேப்பர் எல்லாத்தையும் இன்டர்நெட்டுல சேர்த்து வெக்கிற நூலகம் நிறுவனம் மாதிரி ஆக்களோட கதைக்கலாம். ஆனா சுணங்கக் கூடாது, கடிதம் வாங்கின தாய்மாருக்கு 70, 80 வயசாகிட்டு, எந்த வரிக்கு என்ன அர்த்தம் எண்டு அவங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
களுவாஞ்சிகுடி