சுவரில் இருக்கும் படத்தைக் கழற்று

மண்டபம்
மே 20

மாப்ளே அன்சாரி,

நாலு மாதமாக எழுதாததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, நேரில் வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். தங்கச்சிக்கு இன்னும் வரன் அமையவில்லை. சோடாபுட்டி சார் ரிட்டையர் ஆகிவிட்டார், நம்பு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு நான் அனுப்பிய கார்பன் நானோகுழாய்ப் படத்தை ஃபிரேம் போட்டு ஆபீஸில் மாட்டியிருக்கிறாயாமே? முதலில் அதைக் கழற்று. அது தப்பு.

ஓரணுத் தடிமன் கார்பன் தாளான கிராஃபீனைச் சுருட்டினால் நானோகுழாய், அவ்வளவுதானே, நானே பைத்தானில் நிரல் எழுதுகிறேன் என்று வீறாப்பாக உட்கார்ந்தேன். (ஏஎஸ்இ என்ற பைத்தான் தொகுப்பில் ஒரே வரியில் முடியும். சிரிக்காதே.) (10,10) குழாய்; தாளை எந்தப் பக்கமாக, எவ்வளவு அகலத்துக்குச் சுருட்டுவது என்பதைச் சொல்லும் எண் ஜோடி அது. தாளைச் செவ்வகக் கட்டங்களாகப் பிரித்தால், கட்டத்துக்கு 4 அணு. சுற்றளவில் 10 கட்டம், நீளத்தில் 20. அணுவுக்கு அணு 1.42 ஆங்ஸ்ட்ராம் (மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம்). விட்டம் 13.6 வந்தது, புத்தகக் கணக்கும் அதேதான். அணுக்களைப் படமாகக் காட்டும் விஎம்டி மென்பொருளில் திறந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த மயக்கத்தில்தான் உனக்கு அனுப்பினேன்.

போன வாரம் அந்தப் படத்தின் கோப்பைப் படித்து ஆற்றல் கணக்கிடப் போனேன். எண்ணே வரவில்லை. திரையில் வரிசையாக 'நான்', 'நான்', 'நான்' (NaN, 'இது எண்ணே இல்லை' என்று கணினி சொல்வது). ஹாஸ்டலில் விசிலடித்தது யார் என்று வார்டன் கேட்டபோது நம்மில் ஒருத்தனாவது இப்படிச் சொன்னோமா?

மூன்று ராத்திரி தூக்கமில்லை. தம்பி கோழிக்கூண்டுக்கு வாங்கி வைத்திருந்த கம்பி வலையில் ஒரு துண்டு வெட்டிச் சுருட்டி, திண்ணையில் வைத்துக்கொண்டு முழித்தேன். மீன்பிடித் தடைக்காலம், அப்பா பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தார். கையை நீட்டிக் குழாயை வாங்கினார். விளிம்பு சேரும் இடத்தில் விரலை ஓட்டிவிட்டு, "ஓரக் கண்ணு ரெண்டு தடவ வருதுடா. ஒரு வரிசைய எடு" என்றார்.

ஓடிப்போய் நிரலைப் பார்த்தேன். 0 முதல் 10 வரை ஓடவிட்டிருக்கிறேன், அதாவது 11 கட்டம். கோப்பின் முதல் வரியிலேயே 880 என்று இருக்கிறது. 800தான் இருக்க வேண்டும். மிச்சம் 80 அணுவும் வேறு 80 அணுக்களின் தலைமேல் அச்சு அசலாக உட்கார்ந்திருக்கின்றன. தூரம் பூஜ்யம். அணுக்களுக்கு இடையிலான தூரத்திலிருந்து ஆற்றலைச் சொல்லும் லென்னார்ட்-ஜோன்ஸ் சூத்திரத்தில் அதைப் போட்டால் முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழிக்கிற கதைதான். படத்தில் எப்படித் தெரியும்? எக்ஸ்ஒய்இசட் கோப்பில் பிணைப்பே கிடையாது, அணு இருக்கும் இடம் மட்டும்தான். தூரத்தைப் பார்த்துக் கோடு இழுப்பது விஎம்டியின் ஊகம்.

இப்போது (10,9) போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரே ஓர் எண் குறைகிறது, அதற்கே திரும்பத் திரும்ப வரும் துண்டு 40 அணுவிலிருந்து 1084க்கு எகிறுகிறது. உலோகக் குழாய் குறைகடத்தியாகிவிடுகிறது. நேரில் சொல்கிறேன், இங்கே ஆரம்பித்தால் தாள் பத்தாது.

அப்பாவுக்கு இடது கண் போன வருஷமே மங்கிவிட்டது, இப்போது வலதும். வலை பின்னுவது முழுக்கத் தடவித்தான். ஆபரேஷன் என்றால் தடைக்காலம் முடியட்டும் என்கிறார், தடைக்காலம் முடிந்தால் சீசன் என்பார். பெருநாளுக்கு வரும்போது நீ "மாமா" என்று ஒரு குரல் கொடு. உன் பேச்சைக் கேட்பார். கையோடு மதுரைக்கு அழைத்துப் போய்விடலாம்.

புதுப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். பழையதற்கும் இதற்கும் உன்னால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் மாற்று.

உன்
முருகேசன்

பி.கு.: வலையை வெட்டியது நான்தான் என்று தம்பிக்கு இன்னும் தெரியாது. உளறிவிடாதே.