கோடையில் கோழிக் கொட்டகை ஈக்கள்: மருந்து வாங்குவதற்கு முன் ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கோடை மழை ஒன்று பெய்து, மாம்பழமும் வந்துவிட்டால், அடுத்த பத்து நாளில் கடைக்கு வருகிறவர்களில் பலர் கேட்பது ஒன்றுதான்: "ஈக்கு மருந்து இருக்கா?" இருக்கிறது. ஆனால் கொல்லையில் பத்து, இருபது கோழி வைத்திருப்பவர்களுக்கு மருந்து கடைசியாக வாங்க வேண்டிய பொருள். பல வீடுகளில் அது தேவையே படாது. கொட்டகை காய்ந்து கிடந்தால் ஈ பெருக வழியில்லை. எப்படிக் காய வைப்பது என்பதைத்தான் இந்த மடலில் எழுதியிருக்கிறோம்.

வீட்டு ஈ ஒரு தடவைக்கு 75 முதல் 150 முட்டை வரை இடும். நம்மூர் வெயிலில் அவை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். புழு நாலைந்து நாள் எருவைத் தின்று வளர்ந்து கூட்டுப்புழுவாகி, இன்னும் நாலைந்து நாளில் ஈயாகப் பறந்துவிடும். ஆக, சுமார் பத்து நாளில் ஒரு தலைமுறை. பறக்கும் ஈயைத் துரத்திப் பிடிக்க முடியாது. புழுவாக இருக்கும்போது அது ஒரே இடத்தில் கிடக்கிறது, கைக்கும் எட்டுகிறது. அந்த நாலைந்து நாளை விட்டுவிடக் கூடாது. கோழியின் புது எச்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அது காய்ந்து, ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் புழு அதில் வளர்வது அரிது.

முதலில் ஈரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைத் தூக்கி, அதன் அடியில் வட்டமாக நனைந்த கூளத்தை ஓர் அங்குல ஆழம் விரலால் கிளறுங்கள். வெளுத்த புழு நெளிந்தால் உங்கள் ஈப் பண்ணை அங்கேதான் இருக்கிறது. அடுத்து கோழி ஏறி அடையும் கம்புக்கு நேர் கீழே, சுவர் ஓரம், தீவனம் சிந்தும் இடம். கூட்டுப்புழுவாகப் போகிற புழு ஈரத்தை விட்டு வெளியேறி, உலர்ந்த ஓரமாகத் தேடிப் போய் மண்ணுக்குள் புதைந்துகொள்ளும். அதனால் சுவர் ஓர மண்ணையும் கிளறுங்கள். அரை சென்டிமீட்டருக்குச் சற்றே கூடிய நீளத்தில், செம்பழுப்பு நிறத்தில், அசையாமல் கிடப்பவை கூட்டுப்புழுக்கள். எருவை மட்டும் வாரிவிட்டு இந்த ஓரத்தை விட்டுவிடுகிறவர்கள்தான் "சுத்தம் பண்ணியும் ஈ போகலை" என்று வருகிறார்கள்.

தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு இருக்க வேண்டும். தரையில் வைத்தால் கோழி சிதறடிக்கும், கிளறும், அதிலேயே ஏறி நிற்கும். இரண்டடிக்கு இரண்டடி மரச்சட்டத்தில் கம்பி வலை அடித்து, அடியில் ஜல்லியோ மணலோ பரப்பி, அதன்மேல் கிண்ணத்தை வையுங்கள். சிந்தும் தண்ணீர் கீழே இறங்கிவிடும், கோழியும் அங்கே கிளற முடியாது. நிப்பிள் (கோழி கொத்தினால் தண்ணீர் சொட்டும் குழாய் முனை) வைத்திருப்பவர்கள் கோழி கழுத்தை நிமிர்த்திக் குடிக்கும் உயரத்துக்கு அதை ஏற்றிக் கட்டுங்கள். இரவில் ஒரு காய்ந்த அட்டையை அடியில் வைத்து, காலையில் பாருங்கள். அட்டை நனைந்திருந்தால் நிப்பிள் ஒழுகுகிறது. பெரும்பாலும் உள்ளே மண் அடைத்திருக்கும். கழற்றிக் கழுவினாலே சரியாகும்.

வெயில் ஏற ஏறக் கோழி அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், எச்சமும் நீர்த்துப் போகும். இதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. தண்ணீரைக் குறைத்தால் கோழி வெயில் தாங்காமல் விழுந்துவிடும். ஆனால் தீவனத்தில் கருவாட்டுத் தூள் கலப்பவர்கள் கவனிக்க வேண்டும். உப்புக் கருவாடு என்றால் உப்பு ஏறி, கோழி இன்னும் அதிகமாகக் குடித்து, எச்சம் தண்ணீராகவே போகும். கோடை முடியும்வரை அதை நிறுத்திப் பாருங்கள், கூளத்தில் வித்தியாசம் தெரியும். பழைய சோறு, கஞ்சி, ஊறவைத்த தவிடு கொடுத்தால் அரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். புளித்த தவிட்டு வாடைக்கு எருவைவிட ஈ வேகமாக வரும்.

ஒரு பெரிய கோழி ஒரு நாளில் சுமார் 100 கிராம் எச்சமிடும். அதில் கணிசமான பங்கு இரவில், அடையும் கம்புக்கு அடியிலேயே விழும். அங்கே ஒரு தகரத் தட்டோ பழைய பிளாஸ்டிக் சாக்கோ விரித்து, மேலே ஒரு பிடி சாம்பலோ உமியோ தூவி வைத்தால், காலையில் அப்படியே மடித்து எடுத்துவிடலாம். பத்துக் கோழிக்கு ஐந்து நிமிட வேலை. இந்த மடலில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

தரைக்கு மூன்று அங்குலம் கூளம் போதும். உமி காற்றோட்டம் தரும், ஈரத்தை அதிகம் உறிஞ்சாது. தேங்காய் நார்க்கழிவு நன்றாக உறிஞ்சும், ஆனால் தனியாகப் போட்டால் கட்டியாகிவிடும். இரண்டு பங்கு உமிக்கு ஒரு பங்கு நார்க்கழிவு கலந்து போடுங்கள். ஒரு எச்சரிக்கை: மாடித் தோட்டத்துக்கு விற்கும் அழுத்திய நார்க்கட்டியை வாங்காதீர்கள். அதைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் உதிர்க்க வேண்டும். ஈரத்தை நாமே கொட்டகைக்குள் கொண்டுபோய்க் கொட்டியது போல ஆகும். மூட்டையில் வரும் உலர்ந்த தூள்தான் சரி. வாரத்துக்கு இரண்டு தடவை கூளத்தைக் கிளறிவிட்டு, ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிடித்துப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது. உருண்டையாகவே நின்றால் அந்த இடத்தை வாரிவிட்டுப் புதுக்கூளம் போடுங்கள். நனைந்த இடத்துக்குச் சுண்ணாம்புத் தூள் போடலாம், நீற்றியதாக இருக்க வேண்டும். ஈர எருவில் சுண்ணாம்பு பட்டால் அம்மோனியா கிளம்பும். கோழிகளை வெளியே விட்டுவிட்டு, கதவைத் திறந்துவைத்துப் போடுங்கள். நெடி அடங்கியபின் உள்ளே விடுங்கள்.

ஈரமான இடங்களை நான்கு நாளுக்கு ஒரு முறை வாருங்கள். வாரத்துக்கு ஒரு முறை என்றால் அதற்குள் புழு கூட்டுப்புழுவாகிவிடும். வாரிய எருவை மூலையில் குவித்து வைத்தால் ஈ அங்கே இடம் மாறும், அவ்வளவுதான். ஒரு கூடை எருவுக்கு இரண்டு மூன்று கூடை காய்ந்த சருகு கலந்து, மூன்றடி உயரத்துக்குக் குவித்து, கறுப்புத் தார்ப்பாயால் மூடி, ஓரங்களை மண் போட்டு அடைத்துவிடுங்கள். குவியலின் நடுவில் ஏறும் சூட்டில் புழு பிழைக்காது. சூடு தாங்காமல் ஓரத்துக்குத்தான் ஓடிவரும். அதனால்தான் ஓரத்தை அடைக்கச் சொல்கிறோம். வாரம் ஒரு முறை வெளிப்பக்கத்தை உள்ளே போகும்படி புரட்டிவிட்டு, மறுபடி மூடுங்கள்.

இத்தனையும் செய்தாலும் முதல் பத்து நாள் ஈ குறையாது. மண்ணுக்குள் ஏற்கெனவே இருந்த கூட்டுப்புழுக்கள் வெளிவந்து தீர வேண்டும். இந்த இடைவெளியில்தான் பலர் பொறுமை இழந்து மருந்துக்கு வருகிறார்கள். அதற்குப் பதிலாகப் பொறி வையுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலின் மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, மூடியைக் கழற்றிவிட்டு, தலைகீழாகப் புனல்போலச் செருகுங்கள். உள்ளே இரண்டு அங்குலம் வெல்லத் தண்ணீரும் ஒரு துண்டு மீன் கழிவும் போதும். அதைக் கொட்டகையிலிருந்து இருபதடி தள்ளி வையுங்கள். கொட்டகைக்குள் வைத்தால் வெளியிலிருக்கும் ஈயும் உள்ளே வந்து சேரும். ஒட்டுச் சுருள் மாட்டுவதற்கு முன் கூரையை அண்ணாந்து பாருங்கள். கம்பியிலோ கயிற்றிலோ கரும்புள்ளிகள் அப்பியிருக்கும் இடத்தில்தான் ஈ இரவில் தங்குகிறது. சுருளை அங்கே, கோழி பறந்தாலும் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். வசதி இருந்தால் கொட்டகையில் ஒரு மின்விசிறி ஓடட்டும். காற்று பலமாக அடிக்கும் இடத்தில் ஈ அமராது, கூளமும் காயும்.

இனி மருந்து. மெத்தோமில் என்ற பூச்சிக்கொல்லி கலந்த ஈ மருந்துக் குருணையை நாங்கள் தருவதில்லை; இந்தியாவில் அது 2023-இல் தடை செய்யப்பட்டது. சர்க்கரை கலந்த அந்தக் குருணையைக் கோழி கொத்தினால் செத்துப்போகும். சைப்பர்மெத்ரின் போன்ற தெளிப்பு மருந்து வேண்டுமென்றால், ஈ தங்கும் சுவரிலும் தூணிலும் மட்டும் அடியுங்கள். கோழி, முட்டை, தீவனம், தண்ணீர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு அடித்து, நன்றாகக் காய்ந்தபின் உள்ளே விடுங்கள். எருமேல் அடிக்காதீர்கள். ஈயின் முட்டையைத் தின்னும் வண்டும் சிற்றுண்ணிகளும், கூட்டுப்புழுவைத் துளைத்து முட்டையிடும் சிறு குளவிகளும் அங்கேதான் இருக்கின்றன. அவை செத்தால் அடுத்த தலைமுறை ஈ தடையில்லாமல் பெருகும்.

தீவனத்தில் கலக்கும் சைரோமசின், முட்டைக்கோழிகளுக்குக் கொடுக்கும் ஈப் புழு மருந்து. ஒரு சதவீதப் பொடி என்றால் டன்னுக்கு 500 கிராம், அதாவது 10 கிலோ தீவனத்துக்கு 5 கிராம். முதலில் அரைக் கிலோ தீவனத்தில் நன்றாகக் கலந்து, பிறகு மிச்சத்தோடு சேருங்கள். நான்கு முதல் ஆறு வாரம் கொடுத்துவிட்டு நிறுத்திவிட வேண்டும். கறிக்கு வெட்டுவதானால் குறைந்தது மூன்று நாள் முன்னதாக நிறுத்துங்கள். அது எச்சத்தோடு வெளிவந்து புழுவைத்தான் தடுக்கும், பறக்கும் ஈயை ஒன்றும் செய்யாது. பகலெல்லாம் வெளியே மேயும் நாட்டுக்கோழிக்கு அது வீண் செலவு.

ஈ வெறும் தொல்லை மட்டும் இல்லை. ஈயைத் தின்னும் கோழிக்கு நாடாப்புழு வரலாம். செத்த கோழியோ எலியோ கொல்லையில் கிடந்து, அதில் நெளியும் புழுவைக் கோழி தின்றால் கழுத்து துவண்டு, கால் விழுந்து சாகலாம். செத்ததை அன்றைக்கே இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். கழிச்சலால் பின்புற இறகு அப்பிக் கிடக்கும் கோழியை ஒவ்வொரு மாலையும் தூக்கிப் பாருங்கள். பச்சை ஈ அங்கே முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். இறகைக் கத்தரித்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவி, புழுவை ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டு, தனியாக அடைத்துவைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

ஈரமான எருவில் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு, தட்டையாக, பழுப்பாக, தடித்த தோலோடு புழு இருந்தால் பயப்பட வேண்டாம். அது கறுப்புப் படைவீரன் ஈயின் புழு. அது பெருகும் இடத்தில் வீட்டு ஈ குறையும். அதன் தாய் ஈ வீட்டுக்குள் வந்து சோற்றில் உட்காராது. எந்தப் புழு என்று சந்தேகம் இருந்தால் ஒரு சிறு டப்பாவில் போட்டுக் கடைக்கு எடுத்து வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம்.

அன்புடன்,
உங்கள் தீவனக் கடையினர்