கடைத்தெரு நாட்டு மருந்துக் கடைச் சேகரம்: பணி நிறைவு அறிக்கை

அன்பான உறுப்பினர்களுக்கு வணக்கம். பினாங்குக் கடைத்தெருவில் தலைமுறை தலைமுறையாக நடந்த நாட்டு மருந்துக் கடையின் பொருள்கள் இப்போது நம் சங்கக் காட்சியறையில் இருக்கின்றன. பெயர்ப்பலகை தவிர மற்ற வேலை முடிந்தது.

2000இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கிய பிறகு பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுனில் பல பழைய கடைகள் இடம் காலி செய்தன. 2008இல் நகரம் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்ததும் கட்டடங்களுக்குப் பாதுகாப்பு வந்தது. உள்ளே இருந்த இழுப்பறைக்கும் கல்வத்துக்கும் (மருந்து அரைக்கும் கல்) யார் பொறுப்பு? அதனால்தான் கடைக் குடும்பத்தார் கேட்டதும் தலைகொடுத்தோம்.

பெரிய தலைவலி பூச்சிதான். திப்பிலி, அதிமதுரம், சித்தரத்தை இருந்த இழுப்பறைகளில் ஸ்டெகோபியம் என்ற பொடி வண்டு குடியிருந்தது. மருந்தடித்தால் மூலிகையில் ரசாயனம் படியும். ஆகவே பொருள்களைக் காற்றுப் புகாத பைகளில் கட்டி, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் ஒரு வாரத்துக்கு மேல் உறைய வைத்தோம். வெளியே எடுத்த பின் அறைச்சூடு ஏறும்வரை பையைத் திறக்கவில்லை; அவசரப்பட்டால் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும்.

கடையில் நச்சுள்ள தாதுச் சரக்குகளும் இருந்தன. லிங்கம் என்ற சிவப்புச் சரக்கு பாதரசச் சேர்மம். தாளகமும் மனோசிலையும் ஆர்சனிக் சேர்மங்கள். மருந்தாளர் ஒருவர் உடனிருக்க, கையுறை போட்டுத்தான் தொட்டோம். வெளிச்சம் பட்டால் லிங்கம் கறுக்கும், தாளகம் நிறம் மங்கும். ஆகவே அந்தச் சாடிகள் முத்திரையிட்டு, பூட்டிய இருட்டு அலமாரியில் உள்ளன. காட்சியில் இருப்பது அவற்றின் படம் மட்டும்.

“ஏர்கோன் (குளிர்சாதனம்) ஏன் இல்லை?” என்று பலர் கேட்டார்கள். பகலில் போட்டு இரவில் நிறுத்தினால் ஈரப்பதம் ஏறி இறங்கும். பழைய மரம் வெடிக்கும். இரவு பகலாக ஓடவிட்டால் மின்கட்டணம் கட்டுப்படியாகாது. கண்ணாடிப் பேழைக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போதும், அவ்வப்போது காயவைத்து மாற்றினால். இழுப்பறைகளுக்கு வார்னிஷ் அடிக்கச் சொன்னவர்களுக்கும் ஒரு வார்த்தை: கைபட்டுக் கறுத்த அந்தப் பிடிகள் அப்படியே இருப்பதுதான் அழகு.

பற்று நோட்டுகள் ஸ்கேன் ஆகிவிட்டன, ஆனால் காட்சிக்கு இல்லை. கடன் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் நம் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். லேகியச் செய்முறைப் பக்கங்களையும் குடும்பத்தார் விருப்பப்படி மூடியே வைத்துள்ளோம். அது அவர்கள் சொத்து.

மிச்சமிருப்பது கடையின் பெயர்ப்பலகை. கரையான் அரித்த சட்டத்தைத் தச்சர் மாற்றிக்கொண்டிருக்கிறார். வரவு செலவு விவரம் ஆண்டுக் கூட்டத்தில் ரசீதுகளோடு வைக்கப்படும். உறுப்பினர்கள் வந்து பாருங்கள். பேழைகளை மட்டும் திறக்கச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
பணிக்குழு