பகல் ஒன்றேகால் மணிக்கு ஒரு பாட்டு

பொது நூலக இயக்குநர் அவர்களுக்கும், மாவட்ட நூலக ஆணைக்குழுக்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

நான் சென்னை அண்ணா சாலையில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மதியம் எங்களுக்கு ஒரு மணி நேரம் இடைவேளை. டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக் கழுவி வைக்கக் கால் மணி போதும். மீதி நேரத்தில் பல நாள் தேவநேயப் பாவாணர் நூலகத்துக்கு நடந்துவிடுவேன். இந்தப் பக்கம் எல்லோருக்கும் அது இன்னமும் எல்.எல்.ஏ. (லோக்கல் லைப்ரரி அத்தாரிட்டி) பில்டிங்தான். இரண்டு வார இதழ் புரட்டுவேன், இரண்டு மணிக்குள் நாற்காலிக்கு வந்துவிடுவேன்.

அங்கே ஓர் அரங்கம் இருக்கிறது. புத்தக வெளியீடும் இலக்கியக் கூட்டமும் நடக்கும். அழைப்பிதழைப் பார்த்தால் மாலை ஐந்தரை, ஆறு என்று இருக்கும். ஆறு மணிக்கு நான் ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பேன். வீட்டில் அடுப்பு காத்திருக்கும். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் நடக்கும் பொன்மாலைப் பொழுது எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி. ஆனால் ஆசைப்பட்டுப் போக முடியாத வாரங்களே அதிகம். இது என் ஒருத்தியின் கதை அல்ல. எங்கள் தளத்தில் வேலை செய்யும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், மாலை நேரம் யாருக்கும் சொந்தம் இல்லை. நாளில் எங்களுக்கென்று இருப்பது அந்த மதிய ஒரு மணி நேரம் மட்டும்தான்.

அதனால் கேட்கிறேன். வாரத்தில் ஒரு நாள், பகல் ஒன்றேகாலிலிருந்து ஒன்றே முக்கால் வரை, நூலகத்தில் ஒரு கலை நிகழ்ச்சி நடத்துங்கள். கட்டணம் வேண்டாம், குத்துவிளக்கு வேண்டாம், பொன்னாடை வேண்டாம், வரவேற்புரையும் நன்றியுரையும் வேண்டாம். நேராகப் பாட்டு. அல்லது ஒரு கதைசொல்லி, ஒரு தோற்பாவைக் கூத்து, நான்கு தேவாரப் பதிகங்கள், வில்லுப்பாட்டில் ஒரு பகுதி. முப்பது நிமிடம் முடிந்ததும் நாங்கள் எழுந்து வேலைக்குப் போய்விடுவோம்.

சிகாகோவில் பொது நூலகத்துக்காக 1897இல் கட்டிய மாளிகையில் 1977இல் இப்படி ஒன்றைத் தொடங்கினார்கள். புதன்தோறும் பகல் பன்னிரண்டேகாலுக்கு இலவச இசை. பெரும்பாலும் வளர்ந்துவரும் இளம் கலைஞர்கள். அதற்கு வைத்த பெயர் மைரா ஹெஸ். லண்டனில் போர்க்காலத்தில் ஓவியங்களையெல்லாம் அப்புறப்படுத்திவிட்ட தேசியக் கலைக்கூடத்தில் 1939 அக்டோபர் முதல் 1946 வரை வேலை நாட்களில் மதியக் கச்சேரி நடத்திய பியானோ கலைஞர் அவர். ஏறத்தாழ 1,700 கச்சேரிகள், நுழைவு ஒரு ஷில்லிங். குண்டு விழுந்த ஊரிலேயே மதிய வேளையில் உட்கார்ந்து கேட்க ஆள் வந்தார்கள்.

நம்மிடம் கலைஞர்களுக்கா பஞ்சம்? மார்கழியில் சபாக்களில் மாலைக் கச்சேரிக்குத்தான் டிக்கெட். நண்பகலில் பாடுபவர்கள் பெரும்பாலும் இளையவர்கள், அதற்கு அனுமதி இலவசம். போன டிசம்பரில் அரை நாள் விடுப்பு எடுத்து அப்படி ஒரு கச்சேரிக்குப் போனேன். ஒரு பெண் கரகரப்ரியா ராகத்தை அவ்வளவு நிதானமாக விரித்தாள். அரங்கில் என்னோடு சேர்த்துப் பதினொரு பேர். அந்தப் பாட்டை எங்கள் அலுவலகத்துப் பெண்கள் கேட்டிருக்க வேண்டும் என்று திரும்பி வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். அப்புறம், அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம் என்று பிள்ளைகள் மூன்றாண்டு படிக்கிறார்கள். அவர்களுக்கும் மேடை வேண்டுமே. கலை பண்பாட்டுத் துறைக்கு ஒரு கடிதம் எழுதினால் இது கூடிவரும் என்று நம்புகிறேன்.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். எங்களுக்கு இலவசம் என்றால் கலைஞருக்கும் இலவசம் என்று ஆகிவிடக் கூடாது. ஊரிலிருந்து வில்லையும் குடத்தையும் தூக்கிக்கொண்டு வருகிறவருக்குப் பேருந்துக் காசு கொடுத்து அனுப்பிவிடுவது அவமானம். சொத்து வரியோடு நூற்றுக்குப் பத்து வீதம் நூலக வரியை மக்கள் கட்டுகிறார்கள். அதிலிருந்து ஒரு நியாயமான சன்மானத்துக்கு வழி செய்யுங்கள்.

படிப்பவர்களுக்குத் தொந்தரவு ஆகாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் இருக்கிறார்கள், அவர்களுடைய அமைதியை யாரும் கெடுக்கக் கூடாது. வாசிப்புக் கூடத்தை விட்டுத் தள்ளி, அரங்கக் கதவை மூடிக்கொண்டு, ஒலிபெருக்கி இல்லாமல் நடத்தலாம். ஐம்பது பேர் கேட்க வீணைக்கோ கதைக்கோ மைக் எதற்கு? பறையும் தவிலும் மார்கழி, தை மாதத்து இதமான வெயிலில் திறந்த வெளியில் ஒலிக்கட்டும். அந்தப் பிள்ளைகளும் சாப்பிட வெளியே வரும் நேரம்தான் அது.

சென்னையோடு நிறுத்திவிடாதீர்கள். மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. திருநெல்வேலி, தஞ்சாவூர் போன்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகங்கள் இருக்கின்றன. கடைவீதி ஊழியர்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். வேலை நேரத்தில் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்திருத்தம் வந்ததே 2021இல்தான். ஜவுளிக் கடைகளில் மதியச் சாப்பாட்டுக்கு முறை வைத்துத்தான் அனுப்புவார்கள், அதனால் அங்கே அதே நிகழ்ச்சியை ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இருமுறை நடத்த வேண்டியிருக்கும். சாப்பாட்டு டப்பாவோடு வருகிறவர்களை வாசலில் தடுக்காமல், சாப்பிட ஒரு தாழ்வாரமும் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தால் போதும்.

1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலிலிருந்து ஒரு மாட்டுவண்டி கிராமம் கிராமமாகப் புத்தகங்களைக் கொண்டுபோனது. கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சி அது. மக்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே போனது அந்த வண்டி. நாங்கள் இடத்தைக்கூட மாற்றச் சொல்லவில்லை. நூலகத்துக்கு நாங்களே நடந்து வருகிறோம். நேரத்தை மட்டும் மாற்றிக் கொடுங்கள்.

மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். புதன்கிழமை என்றால் எங்களுக்கு வசதி, மாதக் கடைசி வாரம் மட்டும் கணக்கு முடிக்கும் வேலை இருக்கும். எங்கள் தளத்திலிருந்து ஆறு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் தன் மாமியாரையும் அழைத்து வரலாமா என்று கேட்டார், வரலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணா சாலை வாசகி ஒருத்தி