முகம் தெரிந்த, பெயர் தெரியாத நண்பருக்கு நன்றி

என் ஸ்போர்ட்ஸ் காரில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைவு என்ற எச்சரிக்கை விளக்கு விடாமல் எரிந்தது. தொட்டியிலோ கூலன்ட் மேல்கோட்டுக்குச் சரியாக நின்றது. எங்கும் கசிவு இல்லை, வெப்பநிலை முள்ளும் இயல்பாகவே இருந்தது. தொட்டியையே மாற்றிவிடச் சொன்னவர்கள் உண்டு. தடுத்தவர் நீங்கள்தான்.

எஞ்சின் நன்றாக ஆறும்வரை மூடியைத் தொடவே விடவில்லை. பிறகு சென்சாரைக் காட்டி விளக்கினீர்கள்: தொட்டிக்குள் காந்தம் பொருத்திய மிதவை; அது இறங்கினால், காந்தத்தால் இயங்கும் ரீட் சுவிட்சின் நிலை மாறி விளக்கு எரியும். மிதவை அழுக்கில் சிக்கினாலும், ஒயர் இணைப்பில் அரிப்பு ஏறினாலும் அதே விளக்குதான் எரியுமாம். மின்னிணைப்பைச் சோதிக்கும் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து சிறு காந்தம் ஒன்றை அருகே கொண்டுபோனீர்கள். சுவிட்ச் ஒழுங்காக மாறியது. குற்றவாளி இணைப்பின் ஊசி. அதில் பச்சையாகப் பொடி பூத்திருந்தது. எவ்வளவு பொறுமையாகச் சுரண்டித் துடைத்தீர்கள்!

விளக்கு அணைந்த பிறகும் கிளம்பாமல், உண்மையிலேயே கசிவு இல்லை என்று அழுத்தச் சோதனை செய்து பார்த்தீர்களே, அந்த அக்கறைதான் என்னை நெகிழவைத்தது. பெயரைக் கேட்பதற்குள் போய்விட்டீர்கள். இது உங்கள் கண்ணில் படவேண்டும். மனமார்ந்த நன்றி, ஐயா.